இருபதுக்குப் பதினாறு அடியில் ஒரு பூந்தோட்டம்

'தோட்டம்' என்று ஒரு மலேசியத் தமிழர் சொன்னால் அவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் ரப்பர் மரமோ செம்பனையோதான். "எங்க தாத்தா தோட்டத்துல இருந்தாரு" என்றால் தாத்தா ரோஜா வளர்த்தார் என்று யாரும் பொருள் கொள்வதில்லை. பூச்செடிகள் இருக்கும் இடத்தைப் 'பூந்தோட்டம்' என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறுவயதில் எனக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. பினாங்கில் தாவரவியல் பூங்காவிற்குச் செல்லும் சாலையின் பெயர் 'ஜாலான் கெபுன் பூங்கா'. அதில் வரும் 'பூங்கா' நம் தமிழ்ச் சொல் என்றே தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போது நம்பியிருந்தேன். மலாய் மொழியில் அது வெறும் பூவைக் குறிக்கும் என்று மலாய் ஆசிரியை திருத்தியபோது எனக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது.

அந்தச் சாலையிலிருந்து தொடங்கி, சென்ற ஆண்டு பல்கலைக்கழக விடுமுறையில் பினாங்குத் தீவின் பூங்காக்களைச் சுற்றி வந்தேன். சுற்றுலாவிற்காக அல்ல. எங்கள் வீட்டு வாசலில் என்ன நடலாம், எப்படி நடலாம் என்று கற்றுக்கொள்ளப் போனேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் குடும்பம் ஆயர் ஈத்தாமில் ஒரு மாடியில்லாத வரிசை வீட்டிற்குக் குடிவந்தது. அதுவரை கம்பத்தில் பலகை வீட்டில் இருந்தோம். வீட்டைச் சுற்றி முருங்கை, வாழை, இரண்டு தென்னை, அவற்றுக்கிடையில் பாட்டி நட்ட பூச்செடிகள். நிலத்துக்காரர் நிலத்தை விற்றார், நாங்கள் கிளம்பினோம். பாட்டிக்கு இப்போது 79 வயது. கம்பத்தில் இருந்தவரை விடியற்காலையில் எழுந்து, சிறு கூடையுடன் வீட்டைச் சுற்றிவந்து சாமிக்குப் பூப்பறிப்பார். அந்த ஒரு சுற்றுக்கு அரைமணி நேரம் ஆகும். புது வீட்டிற்கு வந்த முதல் மாதம் அதே நேரத்தில் எழுந்து, வாசல் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார். பிறகு கதவைத் திறப்பதையும் நிறுத்திவிட்டார். கால்வலி என்று தொலைக்காட்சி முன் உட்கார்ந்துகொண்டார். நடக்காமல் இருப்பதால்தான் கால்வலி என்றார் மருத்துவர்.

வாசல் என்பது சுவரிலிருந்து வேலிவரை பதினாறு அடி, அகலம் இருபது அடி. குடிவந்த ஆண்டே பொங்கலுக்கு முன்னர் அம்மா செடிக்கடைக்குப் போய் அந்தூரியமும் நாலைந்து வகைப் பெரணிகளும் வாங்கிவந்து சுவரோரம் வைத்தார். சனவரி, பிப்ரவரியில் அவை அழகாக இருந்தன. ஏப்ரலில் இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. மே மாதத்தில் எல்லாம் போயிற்று. "என் கை ராசியில்லாத கை" என்றார் அம்மா. அடுத்த ஆண்டு ஜூன் மாதம், வாசல் முழுவதையும் சிமெந்து போட்டு ஓடு பதித்துவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார். நான் தடுத்துப் பேசியபோது, "மூணு மாசம் தரேன். தீபாவளிக்கு முன்னால ஆளைக் கூப்பிடணும். அதுக்குள்ள ஏதாவது செஞ்சு காட்டு" என்றார்.

முதலில் போனது தாவரவியல் பூங்காவிற்கு. தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலைக்கு வரும் நம்மவர் பலர் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். அதே சாலையில் இன்னும் சற்று உள்ளே போனால் பூங்கா வந்துவிடும். ஜெட்டியிலிருந்து ரேப்பிட் பினாங்கு பேருந்து எண் 10இல் ஏறினேன். 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்ற ஆங்கிலேயரின் பொறுப்பில் தொடங்கிய பூங்கா இது. அதற்கு முன்னர் அந்தப் பள்ளத்தாக்கில் கருங்கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். கர்ட்டிஸ் இங்கே வருவதற்கு முன்பு இங்கிலாந்தின் புகழ்பெற்ற வீட்ச் செடிப்பண்ணைக்காகப் போர்னியோ போன்ற இடங்களில் செடி சேகரித்தவர். 1903இல் ஓய்வு பெறும்வரை பூங்காவை உருவாக்கினார். 1910இல் இந்த இடத்தை நீர்த்தேக்கமாக்கும் எண்ணத்தோடு நகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். அத்திட்டம் கைவிடப்பட்டதால் 1912இல் பூங்கா பிழைத்துக்கொண்டது. கல் உடைத்த இடத்தில் மரம் வளர்ந்தது என்ற செய்தி, செங்கல் துண்டும் ஓட்டுச் சில்லும் புதைந்த எங்கள் வாசலுக்கு ஆறுதலாக இருந்தது.

முதல் நாள் நான் செய்தது சரியான முட்டாள்தனம். கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, கண்ணுக்கு அழகாகத் தெரிந்த செடிகளின் பெயர்களை எல்லாம் எழுதினேன். நாகலிங்க மரத்தைக்கூட எழுதினேன். அடிமரத்திலேயே பூவும் பீரங்கிக் குண்டு போன்ற காயும் தொங்கும் அந்த மரத்தை இருபதடி வாசலில் வைத்தால் வீட்டைத்தான் வெளியே வைக்க வேண்டும். எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு குரங்கு என் பையிலிருந்த பொரித்த வாழைப்பழப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அங்கே குரங்குகளுக்கு உணவு கொடுக்கக்கூடாது என்பது விதி. நான் கொடுக்கவில்லை, அதுவே எடுத்துக்கொண்டது.

அப்போது சிரித்த பெரியவர் ஒருவரிடம்தான் நான் உண்மையில் பாடம் கற்றேன். ஒவ்வொரு நாள் காலையிலும் அங்கு நடக்க வருபவர். இளமையில் பங்களா வீடுகளில் தோட்ட வேலை செய்தவர். என் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்மா, உங்க வீட்டு வாசல் எந்தத் திசையைப் பார்த்து இருக்கு?" எனக்குத் தெரியவில்லை. மூன்று ஆண்டுகள் குடியிருந்த வீடு! "மொதல்ல அதைப் பார்த்துட்டு வா. இங்க வந்தா செடியைப் பார்க்காதே. அது எந்த நெழல்ல நிக்குதுன்னு பாரு" என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். வாசல் வடக்கு நோக்கியிருந்தது. அம்மாவின் செடிகள் ஏன் மடிந்தன என்பதற்கு விடை அதில்தான் இருந்தது. பினாங்கு நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறக்குறைய ஐந்தரை பாகையில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முதல் வாரம்வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே நிற்கிறது. (நம் கடிகாரப்படி பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்கு.) டிசம்பர் கடைசியில் சூரியன் தெற்கே கிட்டத்தட்ட 29 பாகை சாய்ந்திருக்கும். ஐந்தாம் படிவத்தில் எதற்கென்றே தெரியாமல் படித்த 'டான்' கணக்கு இங்கே கைகொடுத்தது. எங்கள் வீட்டு இறவாரத்தின் உயரம் பத்தடி. அதன் நிழல் வடக்கே ஐந்தரை அடிக்கு விழும். இறவாரம் சுவரிலிருந்து இரண்டடி நீண்டிருப்பதால், சுவரிலிருந்து ஏழரை அடிவரை நண்பகலிலும் நிழல்தான். ஜூன் கடைசியில் எல்லாம் தலைகீழ். சூரியன் வடக்கே 18 பாகை சாய்வதால் வெயில் இறவாரத்திற்குக் கீழே மூன்றடிக்கு மேல் நுழைகிறது. அதாவது சுவரின் அடிப்பகுதிவரை சுடுகிறது.

நிழலை விரும்பும் அந்தூரியத்தை அம்மா டிசம்பரில் நிழலில்தான் வைத்தார். அது தவறில்லை. நிழல்தான் ஏப்ரலில் அந்த இடத்தைவிட்டுப் போய்விட்டது. ராசியின்மேல் போட்ட பழியை எடுத்துவிடும்படி அம்மாவிடம் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் கணக்கை இரண்டு முறை விளக்கச் சொன்னார். வாசகர்களில் யாருக்காவது தெற்கு நோக்கிய வீடு இருந்தால் மாதங்களை மாற்றிப்போட்டுக் கொள்ளலாம். கிழக்கு, மேற்கு வாசல்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அங்கே காலை வெயிலா மாலை வெயிலா என்பதே கேள்வி. ஒரு விடுமுறை நாளில் காலை ஒன்பது, நண்பகல், மூன்று, ஆறு என நான்கு முறை சுண்ணக்கட்டியால் நிழலின் விளிம்பைத் தரையில் வரைந்தாலே பாதித் தோட்டம் முடிந்த மாதிரி.

அதன்பிறகு பூங்காவிற்கு மூன்று முறை போனேன். இம்முறை பார்த்தது வேறு. மழைமரம் என்றும் தூங்குமூஞ்சி மரம் என்றும் நாம் சொல்வது மாலையில் இலைகளை மடக்கிக்கொள்ளும். அதனால்தான் மலாய்க்காரர்கள் அதை 'ஐந்து மணி மரம்' என்கிறார்கள். நமது மிண்டன் வளாகத்திலும் நிறைய உண்டு. அதன் நிழல் சல்லடை நிழல். கீழே புல் வளர்கிறது. மாமரத்தடி நிழல் அடர்ந்தது. கீழே ஒன்றும் வளராது. எல்லா நிழலும் ஒரே நிழல் அல்ல. இன்னொன்றையும் கவனித்தேன். பூங்காவின் சாலைகள் வட்டச் சாலைகள். போன வழியே திரும்ப வேண்டியதில்லை. நடப்பவர் தொடங்கிய இடத்திற்கே வந்து சேர்கிறார். வயதானவர்கள் அங்கே ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று கணக்கு வைத்து நடப்பதைப் பார்த்தபோது கூடையோடு நடந்த பாட்டி நினைவுக்கு வந்தார். கம்பத்து வீட்டில் அவருக்கு இருந்தது ஒரு சுற்று. புது வீட்டில் அதுதான் இல்லை.

கொடிமலைக்கும் ஒருநாள் போனேன். 1923இல் ரயில் ஓடத் தொடங்கிய மலை. அதன் உயர்ந்த சிகரம் 833 மீட்டர். மேலே கீழ்நாட்டைவிட நன்றாகவே குளிர்ச்சியாக இருப்பதால், அங்கே செழிக்கும் பூக்களைப் பார்த்து ஏமாறக்கூடாது. மலையேறிக் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்; ஆனால் காட்சி அருமை.

தெலுக் பஹாங் பக்கம் போகப் பேருந்து எண் 101. அங்கே கடலைப் பார்த்த மலைச்சரிவில், கைவிடப்பட்ட ரப்பர் தோட்டத்தில் 2003இல் அமைக்கப்பட்ட வாசனைப் பொருள் பூங்கா இருக்கிறது. ஏறக்குறைய எட்டு ஏக்கர். ரப்பர் தோட்டம் பூந்தோட்டமாக மாறிய இடம் என்பதால் இக்கட்டுரையின் முதல் வரிக்கு மிகவும் பொருத்தமானது. ஏலம், இஞ்சி, மஞ்சள், கிராம்பு, பட்டை என்று பாட்டியின் அஞ்சறைப் பெட்டியிலும் மருந்து டப்பாவிலும் இருப்பவற்றை உயிரோடு பார்த்தேன். லக்சாவில் போடும் பூங்கா கந்தான் பூ மண்ணிலிருந்து தனித்தண்டாக எழும்பி வருவதை அன்றுதான் முதன்முதலில் கண்டேன்.

சாதிக்காய் மரத்தின் முன் சற்று நேரம் நின்றேன். பினாங்கின் பழைய வரலாறு இந்த மரத்தோடு பின்னிக் கிடக்கிறது. 1790களில் கிழக்கிந்தியக் கம்பெனி கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற தாவரவியலாளரைக் கொண்டு மொலுக்காஸ் தீவுகளிலிருந்து சாதிக்காய், கிராம்புக் கன்றுகளை இங்கே வரவழைத்தது. கெலுகோரில் நம்மவர் மாடு வளர்த்து வாழ்ந்த கம்போங் புவா பாலாவின் பெயருக்கும் சாதிக்காய்க் கம்பம் என்றே பொருள். அந்தக் கம்பம் 2009இல் இடிக்கப்பட்டது. மரத்தின் பெயரும் போய், மரம் நின்ற மண்ணில் வாழ்ந்தவர்களும் போன பிறகு, மரத்தை மட்டும் பூங்காவில் கட்டணம் கட்டிப் பார்க்கிறோம். சாதிக்காயில் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. காய் வேண்டுமானால் இரண்டும் வேண்டும். இரண்டும் உயரமாக வளரும். ஆசை இருந்தும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

அங்கே கற்றது அடுக்குமுறை. உயர்ந்த மரம், அதன்கீழ் இடைத்தரப் புதர், அதன்கீழ் தரையைத் தொடும் செடி. ஒன்றின் நிழலில் அடுத்தது வாழ்கிறது. தரையில் எங்கும் மண் தெரிவதில்லை. உதிர்ந்த இலைகள் மூடியிருக்கின்றன. நாமோ வாசலைக் கூட்டிப் பெருக்கி, இலைகளைக் குப்பையில் போட்டுவிட்டு, காய்ந்த மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். இலை மூடாக்கு ஈரத்தைக் காக்கிறது. அடிக்கும் மழையில் மண் கரைந்து லோங்காங்கிற்குள் போகாமல் தடுக்கிறது. பிறகு மக்கி உரமாகிறது. பாட்டி கம்பத்தில் இதைத்தான் செய்தார். அதைச் சோம்பல் என்று நாங்கள் கேலி செய்திருக்கிறோம்.

அதே நாளில் பக்கத்திலிருக்கும் எண்டோப்பியாவிற்கும் போனேன். 1986இல் பட்டாம்பூச்சிப் பண்ணையாகத் தொடங்கி, 2016இல் புதிய பெயரில் மீண்டும் திறக்கப்பட்ட இடம். பட்டாம்பூச்சி பூவிற்கு வரும். ஆனால் முட்டையிடுவதற்கு அதற்கென்று ஒரு செடி வேண்டும். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் நாம் பார்த்தவுடன் நசுக்கும் அந்தப் பச்சைப் புழு, கறுப்பு வெள்ளைப் பட்டாம்பூச்சியின் குழந்தை. பிள்ளையாருக்கு மாலை கட்டும் எருக்கிலும் ஒரு வகை வளரும். இதைச் சொன்னபோது பாட்டி, "அப்ப கறிவேப்பிலைய யாரு திங்கிறது, நாமளா அதுவா?" என்றார். நியாயமான கேள்விதான்.

ஜார்ஜ் டவுனுக்குள் நுழைவுக்கட்டணமில்லாத பூங்கா ஒன்று உண்டு. அது ஐந்தடிப் பாதை. 2008இல் உலகப் பாரம்பரியத் தகுதி பெற்ற அந்தப் பழைய தெருக்களில், மண் என்று ஒரு பிடிகூட இல்லாத கடைவீடுகளின் முன் சாடிகளிலும் எண்ணெய் டின்களிலும் செடிகள் தழைக்கின்றன. வீட்டுக்காரர்கள் வெயிலுக்கேற்பச் சாடியை நகர்த்துகிறார்கள். ஆறு மாதம் நிழல், ஆறு மாதம் வெயில் என்றிருக்கும் எங்கள் சுவரோரத்திற்கு இதுவே விடை. அந்த இடத்தில் மண்ணில் நடக்கக்கூடாது. சாடியில் வைத்து நகர்த்த வேண்டும். சாடிக்கு அடியில் தட்டு மட்டும் வைக்காதீர்கள். தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். அபராதம் விதிக்க 1975ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் உண்டு. அபராதத்தைவிட டிங்கிதான் கொடியது.

ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரு மேனிலா அட்டையில் வாசலை வரைந்து அப்பாவிடம் கொடுத்தேன். சுவரிலிருந்து ஏழரை அடிவரை அவர் விருப்பப்படியே ஓடு பதிக்கலாம்: மோட்டார் சைக்கிள், ஒரு நாற்காலி, நகரும் சாடிகள். அதற்கு அப்பால் வேலிவரை ஆண்டு முழுதும் வெயில் விழும் எட்டரை அடி மண்ணாகவே இருக்கட்டும். டிசம்பர் நிழல் முடியும் கோடுதான் ஓடு முடியும் கோடு. வெளிவாயிலுக்கு ஆறடி போக மீதி பதினான்கடி அகலம் பூந்தோட்டம். நடுவில் ஒரு தீவு. அதைச் சுற்றி இரண்டரை அடி அகலச் செங்கல் பாதை. பாதையின் ஒரு பக்கம் ஓட்டுத்தளத்திலேயே சேர்ந்துவிடும். கைத்தடியோடு நடப்பவர் எங்கும் திரும்பி வர வேண்டாம்.

அப்பா நெடுநேரம் பார்த்தார். "செலவு பாதியாயிரும் போலிருக்கே" என்றார். சம்மதம் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

செடி வாங்குவதற்கு முன்னர் ஒரு சோதனை அவசியம். ஓர் அடி ஆழத்தில் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, வடியவிட்டு, மீண்டும் நிரப்பிப் பாருங்கள். எங்கள் குழியில் மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றது. செம்மண்ணுக்கு அடியில் கட்டட வேலையின் கழிவுகள் இறுகிக் கிடந்தன. இரண்டு வார இறுதிகள் அப்பாவும் தம்பியும் நானும் தோண்டி எடுத்தோம். உடைந்த ஓடு, கம்பி, யாரோ குடித்துப் போட்ட பானப் புட்டி. பிறகு கருமண்ணும் தேங்காய் நாரும் கலந்து, தரையைவிட ஓர் அடி உயர்த்திப் பாத்தி கட்டினோம். உயர்த்தியது நீர் வடிவதற்காக. பாட்டி குனியாமல் பறிக்கவும் உதவியது.

நடுத்தீவில் கறிவேப்பிலை உயர அடுக்கு. நந்தியாவட்டையும் செம்பருத்தியும் இடை அடுக்கு. கற்பூரவல்லியும் பண்டானும் கீழே. துளசிக்கு நல்ல வெயில் படும் மூலை. வேப்பமரம் வேண்டுமென்று பாட்டி கேட்டார். சுவருக்கும் குழாய்க்கும் அருகில் பெரிய மரம் ஆகாது என்று மறுத்துவிட்டோம். அந்த ஒன்றில் அவருக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. வேலியோரம் செடிகளை ஓரிடத்தில் மட்டும் தாழ்வாக விட்டோம். நாற்காலியில் உட்கார்ந்தால் தெரு மறைந்து, அந்த இடைவெளியில் கொடிமலை மட்டும் தெரியும். மலையை நடுவதற்குச் செலவில்லை.

எல்லாம் வெற்றியாகிவிடவில்லை. நான் ஆசையாக வாங்கிய மல்லிகை இரண்டும் அக்டோபர் மழையில் வேரழுகிச் செத்தன. பாத்தியின் அந்த மூலையை மட்டும் உயர்த்தத் தவறியிருந்தேன். அம்மா சுவரோரம் மூன்று அந்தூரியச் சாடிகள் வைத்திருக்கிறார். ஏப்ரல் முதல் தேதி அவற்றை நகர்த்த வேண்டும் என்று நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறார்.

பாட்டி முதல் இரண்டு வாரம் நாற்காலியோடு சரி. நந்தியாவட்டை பூத்த பிறகு கூடையைத் தேடினார். இப்போது ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம் ஆகிறது. பூ இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையில் நான்கு சுற்று. கறிவேப்பிலையில் வேலிப்பக்கம் இருக்கும் கிளையைப் புழுக்களுக்கென்று விட்டுவிட்டார். மற்ற கிளைகளில் ஏறினால் எடுத்து அந்தக் கிளையில் போடுகிறார், திட்டிக்கொண்டே.